கோல்கீப்பர் ‘வாரேன்’ என்றான்

1

இந்த ஊருக்கு வந்து பத்தொன்பது வருடம் நிறைந்த நாளன்று மதுரையிலிருந்து ஜெபராஜ் அழைத்தான். வாழ்த்துச் சொல்ல என்று நினைத்து எடுத்தேன். ஐந்தாவது ஆட்டத்திலும் தோற்றுவிட்டோம் என்று சொல்ல அழைத்திருந்தான்.

இந்த ஊர் என்பது நெதர்லாந்தில் ஒரு சின்ன ஊர். இங்கே மழை பெய்வதில்லை, குடியிருக்கிறது. நகராட்சி அலுவலகத்தில், மரம் வெட்ட அனுமதி கொடுக்கிற பிரிவில் எனக்கு வேலை. சொந்தத் தோட்டத்து மரத்தை வெட்டக்கூட இவர்கள் நான்கு பக்கம் விண்ணப்பம் எழுத வேண்டும். மரத்தின் சார்பாக யாராவது ஆட்சேபம் சொல்லக்கூடும் என்று ஆறு வாரம் காத்திருக்க வேண்டும். அந்த ஆறு வாரமும் கடிதங்களைப் படிப்பதும் பதில் எழுதுவதும்தான் என் பிழைப்பு.

ஜெபராஜ் என்னோடு படித்தவன். அப்பா, அம்மா, அத்தை, அத்தையைக் கட்டியவர் எல்லாருமே மிஷன் பள்ளி ஆசிரியர்கள். அந்த வீட்டில் சாக்பீஸைத் தொடாமல் விசிலைப் பிடித்தவன் இவன் ஒருவன்தான். பசுமலைப் பக்கம் நாங்கள் படித்த அதே கல்லூரியில் இருபத்திரண்டு வருடமாக உடற்கல்வி இயக்குநர். பையன்களுக்கு பி.டி. சார்.

“எட்டு ஆட்டம் மாப்ள. ஒண்ணுலயாச்சும் தோக்காம வரணுமாம். இல்லைன்னா அடுத்த வருசம் ஃபுட்பால் டீமே கிடையாதுன்னு பிரின்ஸ்பால் சர்க்குலர் விட்டுட்டாரு.”

டீம் இல்லாவிட்டால் உன்னை என்ன செய்வார்கள் என்று கேட்டேன்.

“யோகா எடுக்கச் சொல்லுவாங்க. எனக்கு இருக்கிற மூட்டுக்கு, சம்மணம் போட்டா எந்திரிக்க ரெண்டு ஆளு வேணும்.”

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. விடியற்காலை ஐந்தரை மணிக்குச் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து இருபது பையன்கள் அந்த மைதானத்துக்கு வந்து நிற்கிறார்கள். பந்து இல்லையென்றால் அவர்களில் பாதிப் பேர் கல்லூரிப் பக்கமே வரமாட்டார்கள். அது அவனுக்குத் தெரியும். யோகா என்று அவன் சொன்னது அதைச் சொல்லாமல் இருப்பதற்காக.

2

வெளிநாட்டில் இருப்பவனுக்கு எல்லாம் தெரியும் என்று ஊரில் இருப்பவர்கள் நம்புகிறார்களோ இல்லையோ, வெளிநாட்டில் இருப்பவன் நம்புகிறான். நானும் நம்பினேன். இது பந்தால் வாழ்கிற தேசம். ஞாயிற்றுக்கிழமை பாதிரியார்கூட பிரசங்கத்தைச் சுருக்கிக்கொள்கிறார். பத்தொன்பது வருடம் இங்கே மூச்சு விட்டவனுக்குக் காற்றோடு கொஞ்சம் ஃபுட்பாலும் உள்ளே போயிருக்கும்தானே.

என் சொந்தச் சாதனையையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கல்லூரிக்கு நான் மூன்று வருடம் வலதுபக்க விங்கர். எங்கள் மைதானம் மலைப் பக்கமாகக் கொஞ்சம் சரிந்திருக்கும். முதல் பாதியில் பந்து தானாக ஓடும், இரண்டாம் பாதியில் நாங்கள் அதன் பின்னால் ஓடுவோம். கோல் கம்பத்துக்கு வலை கிடையாது. மூன்று வருடத்தில் நான் போட்ட ஒரே கோல், கம்பத்துக்கு உள்ளே போனதா வெளியே போனதா என்பது இன்றுவரை தீரவில்லை. பந்து போய் இடித்தது நடுவரின் ஸ்கூட்டரை. கோபத்தில் அவர் கோல் இல்லை என்று சொல்லிவிட்டார். கம்பத்துக்கு நேர் பின்னால் ஸ்கூட்டரை நிறுத்தியிருந்தவர் அவர்தான் என்பதை நான் இங்கே பதிவு செய்கிறேன்.

அந்த அனுபவத்தோடு ஜெபராஜுக்கு யோசனை சொல்ல ஆரம்பித்தேன். தினமும் இரண்டு குரல் செய்தி. மூன்றாவது நாள் அவன் ஒரு ஏற்பாடு சொன்னான். ஆட்டம் நடக்கும்போது அவனுடைய போனை அழைப்பிலேயே வைத்து, ஒரு துணிப்பையில் போட்டு, நம் கோல் கம்பத்தின் பின்னால் இருக்கிற வேப்பங்கிளையில் தொங்கவிட்டுவிடுவான். இடைவேளையில் அணிகள் பக்கம் மாறும்போது பையும் அந்தப் பக்கத்து வேம்புக்கு மாறும். நான் இங்கிருந்து கேட்டுக்கொள்ளலாம். ஏன் நம் கோல் பக்கம் என்று கேட்டேன்.

“பந்து அங்கனதான இருக்கும்,” என்றான்.

3

மதுரையில் பிற்பகல் மூன்றரை என்றால் இங்கே இப்போது நண்பகல் பன்னிரண்டு. காதில் கருவியை மாட்டிக்கொண்டு, சீஸ் வைத்த ரொட்டியைக் கடித்துக்கொண்டு, ஆறாவது ஆட்டத்துக்காக என் மேசையில் உட்கார்ந்தேன். நாற்பத்தைந்து நிமிடம் காற்றும் காக்காயும் மட்டும் கேட்டன. தலைமை விருந்தினர் காளவாசல் நெரிசலில் மாட்டிக்கொண்டார். நாலேகாலுக்கு வந்து சேர்ந்து, தொடக்க உதை உதைத்தார். பந்தைவிட அவருடைய செருப்பு அதிக தூரம் போனதாக ஜெபராஜ் பிறகு சொன்னான். அதை எடுத்து வர இரண்டு பேர் ஓடியதில் இன்னும் ஐந்து நிமிடம் போனது.

இந்தக் கதைக்கு இரண்டு பையன்கள் போதும். கோல்கீப்பர் முத்துப்பாண்டி, வரலாறு இரண்டாம் ஆண்டு. சோழவந்தானுக்கும் அந்தப் பக்கம் ஒரு ஊரிலிருந்து வருகிறவன். வீட்டில் வெற்றிலைக் கொடிக்கால். சின்ன வயதிலிருந்தே இலை கிழியாமல் கிள்ளிப் பழகிய விரல்கள். பந்து அவனிடம் வந்தால் நழுவாது. அவனிடம் வருவதுதான் அபூர்வம். பின்வரிசையில் நாகராஜ், மூன்றாம் ஆண்டு, காளவாசலில் டயர் கடை வைத்திருப்பவரின் மகன். எதிரணி ஆளை நிறுத்துவதில் கெட்டிக்காரன். பந்துதான் போய்விடும்.

அன்று என்ன புண்ணியமோ, கடைசிப் பத்து நிமிடம் வரை யாருக்கும் கோல் இல்லை. இங்கே ஒரு முதியவர் தன் வீட்டு பிர்ச் மரம் தன்னைப் பார்த்துக்கொண்டே இருப்பதாகப் புகார் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அவருக்குத் தலையாட்டிக்கொண்டே அங்கே கேட்டுக்கொண்டிருந்தேன். நமக்கு ஒரு கார்னர் கிடைத்தது. நாகராஜையும் கோல்கீப்பரையும் தவிர எல்லாரும் எதிர் கோலுக்குப் போய்விட்டார்கள். ஜெபராஜும் கோட்டோரமாக அங்கேயே ஓடிவிட்டான். மைதானத்தின் இந்தக் கோடியில் ஒரு வேப்பமரம், ஒரு துணிப்பை, அதற்குள் நான்.

அப்போது மிகப் பக்கத்தில், மிகத் தெளிவாக, முத்துப்பாண்டியின் குரல் கேட்டது.

“அண்ணே, வாரேன்.”

கீப்பர் பந்தை எடுக்க வருகிறான், பின்வரிசை விலகிக்கொள்ள வேண்டும், அம்புட்டுத்தான் அதற்கு அர்த்தம் என்று நான் எடுத்துக்கொண்டேன். நாகராஜும் அப்படித்தான் எடுத்துக்கொண்டான். அடுத்த கணம் எதிரணி நீளமாக உதைத்த பந்து வந்தது. நாகராஜ் விலகிக்கொண்டான். கல்யாண வீட்டில் சம்பந்திக்கு வழி விடுகிற மாதிரி ஒதுங்கி நின்றானாம். பந்து அவனைத் தாண்டி, யாரும் இல்லாத கோலுக்குள், அவசரமே இல்லாமல் உருண்டு போனது.

ஆறாவது தோல்வி. எல்லாரும் நாகராஜைப் பிடித்துக்கொண்டார்கள். அவன் வாரேன்னான், அதான் விட்டேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னான். முத்துப்பாண்டியைக் கேட்கலாம் என்றால், விசில் ஊதியதும் அவன் ஓடியே போயிருந்தான்.

4

சாயங்காலம் வீட்டில், பதிவு செய்து வைத்திருந்ததை மறுபடி மறுபடி ஓடவிட்டேன். “அண்ணே, வாரேன்.” நிறுத்து. “அண்ணே, வாரேன்.” துப்பறிவாளன் மாதிரி நோட்டில் நொடிக்கணக்கெல்லாம் குறித்துக்கொண்டிருந்தேன்.

என் மகள் கயல் ரொட்டியில் சாக்லேட் தூவிக்கொண்டே அந்தப் பக்கம் வந்தாள். பதினாறு வயது. இங்கே பெண்கள் அணி ஒன்றில் விளையாடுகிறாள். அவளுடைய தமிழ் வீட்டுக்குள் மட்டும் புழங்குகிற தமிழ். குளிர்காலத்தில் வெளியே எடுத்தால் விறைத்துப்போகும். திருநெல்வேலியை அல்வா என்றும் மதுரையை மாமா வீடு என்றும் அடையாளம் தெரியும். அப்பா தமிழில் எழுதுகிற கதைகளை அவள் படித்ததில்லை. அம்மா படித்துச் சொல்ல ஆரம்பித்தால் காதில் கருவியை மாட்டிக்கொள்வாள்.

“அந்த அண்ணன் பை சொல்றாங்கப்பா,” என்றாள்.

எனக்கு முதலில் துணிப்பை என்றே கேட்டது. இல்லை, வருகிறேன் என்று சொல்கிறான், பந்தை எடுக்க வருகிறான் என்று விளக்கினேன்.

“இல்லப்பா. நீங்க ஆபீஸ் போறப்ப இப்படித்தான சொல்லுவீங்க. இதே மாதிரி, மெதுவா.”

மறுபடி ஓடவிட்டேன். அவள் சொன்னது சரி. பந்துக்கு வருகிறவன் கத்துவான். இவன் விடைபெற்றுக்கொண்டிருந்தான்.

எனக்கும் நாகராஜுக்கும் அந்தச் சொல்லுக்குப் பத்து அர்த்தம் தெரியும், அதனால் தப்பான ஒன்றை எடுத்துக்கொண்டோம். கயலுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் தெரியும். அந்தச் சொல்லை அவள் வாசலில் மட்டும் கேட்டு வளர்ந்தவள். அவள் கையில் கொஞ்சமாக இருப்பதை நினைத்து இத்தனை வருடம் வருத்தப்பட்டிருக்கிறேன். அன்றைக்கு அந்தக் கொஞ்சம்தான் உதவியது. சந்தோஷப்படுவதா என்று தெரியாமல் அவள் தட்டிலிருந்து ஒரு துண்டு ரொட்டியை எடுத்துத் தின்றேன்.

இதே சொல் என்னையும் கவிழ்த்ததுண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஐந்து மணிக்குக் கோட்டை மாட்டிக்கொண்டு, பக்கத்து மேசை அம்மாவிடம் போகிறேன் என்று சொல்ல நாக்கு வராமல், நான் வருகிறேன் என்று அப்படியே டச்சில் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். அவர் இரண்டு கோப்பை காப்பி எடுத்து வைத்து, இருபது நிமிடம் எனக்காகக் காத்திருந்தாராம்.

மறுநாள் காலை ஜெபராஜ் முத்துப்பாண்டியை ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்டான். பையன் தலையைக் குனிந்துகொண்டு ஒப்புக்கொண்டான். ஆட்டம் தாமதமாகத் தொடங்கியதால் பஸ் நேரம் வந்துவிட்டது. காளவாசலில் அந்த பஸ்ஸை விட்டால் சோழவந்தானிலிருந்து அவன் ஊருக்கு மினி பஸ் கிடையாது.

“பந்து அங்கிட்டு இருந்துச்சு சார். பஸ்ஸு இங்கிட்டு இருந்துச்சு. சொல்லாமப் போனா நல்லாருக்காதுன்னு அண்ணன்கிட்ட சொல்லிட்டு, பூட்ஸைக் கழட்டிக்கிட்டு இருந்தேன்.”

நாகராஜுக்குக் கோபம் வரும் என்று ஜெபராஜ் பயந்தான். வரவில்லை. சொல்லிட்டுத்தான சார் போயிருக்கான், இதுக்கு மேல என்ன செய்வான் என்று நாகராஜ் தீர்ப்புச் சொல்லிவிட்டான்.

5

அன்றே இரண்டு முடிவுகள் எடுக்கப்பட்டன. மிச்சம் இருக்கிற இரண்டு ஆட்ட நாளும் முத்துப்பாண்டி ஜெபராஜ் வீட்டில் தங்குவான். மைதானத்துக்குள் யாரும் வாரேன் என்று சொல்லக்கூடாது.

அப்படியானால் கீப்பர் என்னதான் கத்துவது? பழைய மாணவர்களின் வாட்ஸ்ஆப் குழுவில் இது இரண்டு நாள் ஓடியது. ‘என்னுது’ என்று கத்தலாம் என்றார் துபாயில் இருக்கும் ஒருவர். பயிற்சியில் முயன்று பார்த்தார்கள். முத்துப்பாண்டி ‘என்னுது’ என்று கத்தினால், பின்வரிசை ‘என்னது?’ என்று காதில் வாங்கி, திரும்பிப் பார்த்து, ஒண்ணுமில்லையே என்றது. ‘விடு’ என்றார் இன்னொருவர். அது ஒவ்வொரு கோல் விழுந்த பிறகும் ஒருவர் தோளை ஒருவர் தட்டிச் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோயிருந்தது. ‘கீப்பர்’ என்று கத்தச் சொன்னார்கள். என்னை நானே எப்படி சார் கூப்பிடுறது என்று முத்துப்பாண்டி கூச்சப்பட்டான்.

என் நேரம் வந்துவிட்டது என்று நினைத்தேன். இங்கே என்ன கத்துவார்கள் என்று கயலைக் கேட்டேன். ‘லோஸ்’ என்றாள். விட்டுவிடு, இது என் பந்து என்று அர்த்தம். ஒற்றை எழுத்து மாதிரி நறுக்கென்று விழுகிற சொல். இந்தத் தேசமே அதைக் கத்தித்தான் பந்தைப் பிடிக்கிறது. எப்படி உச்சரிப்பது என்று அவள் குரலிலேயே பதிவு செய்து மதுரைக்கு அனுப்பிவைத்தேன். அன்று முழுக்க மரக் கடிதங்களுக்குக்கூடத் தாராளமாக அனுமதி கொடுத்தேன்.

பயிற்சியில் லோஸ் பிரமாதமாக வேலை செய்ததாக ஜெபராஜ் எழுதினான். அந்த மூன்று நாளும் நாகராஜ், அக்கா மகளின் காதுகுத்துக்காக லீவில் இருந்தான். அவனிடம் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

ஏழாவது ஆட்டம். பந்து உயர்ந்து வருகிறது. முத்துப்பாண்டி அடிவயிற்றிலிருந்து கத்துகிறான். டச்சுச் சொல் சோழவந்தான் தொண்டை வழியாக வெளியே வரும்போது என்ன ஆகும் என்பதை நான் யோசித்திருக்க வேண்டும்.

நாகராஜ் அப்படியே நின்று திரும்பினான்.

“யார்ரா லூசு?”

பந்து இருவருக்கும் நடுவே இறங்கி உள்ளே போனது. எதிரணிகூடக் கொண்டாடவில்லையாம், சண்டையைப் பார்த்துக்கொண்டு நின்றார்களாம். இரண்டாம் ஆண்டுப் பையன் மூன்றாம் ஆண்டு அண்ணனை, அத்தனை பேர் முன்னால், லூசு என்பதா? அது டச்சு மொழி என்று முத்துப்பாண்டி சொல்லச் சொல்ல, இப்ப டச்சுல வேற திட்டுறியா என்று நாகராஜ் இன்னும் சூடானான். அதே சொல்லுக்கு இன்னும் இரண்டு கோல் விழுந்தது.

அன்று ஜெபராஜ் குரல் செய்தி அனுப்பவில்லை. நேராக அழைத்தான்.

“மாப்ள, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்கிறாத. இனிமே யோசனை சொல்லாத. கேட்டுக்கிட்டு மட்டும் இரு. எனக்கு இன்னும் ஒரு ஆட்டம்தான் இருக்கு.”

சரி என்றேன். ஊரை விட்டு வந்தவனுக்கு இதைவிடத் தெளிவான வேலை நியமனம் யாரும் கொடுத்ததில்லை. உண்மையைச் சொன்னால், இரண்டு நாள் வலித்தது.

6

எட்டாவது ஆட்டத்துக்கு நான் அலுவலகத்தின் பழைய கோப்பு அறைக்குள் போய்விட்டேன். வெட்டப்பட்ட, வெட்டப்படாத மரங்கள் எல்லாம் காகிதமாக அடுக்கியிருக்கிற அறை. மேசை வேலை எதுவும் காதைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று இருந்தது.

எதிரணி நகரத்திலேயே பலமானது. பிரின்ஸ்பாலே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தாவரவியல் பேராசிரியர். பந்து விளையாட்டை அன்றுதான் முதல்முறையாக முழுசாகப் பார்க்கிறார். மூடுவதற்கு முன் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று வந்திருப்பார்.

ஆட்டம் தொடங்கியது. வழக்கமான கூச்சல் எதுவும் கேட்கவில்லை. ஜெபராஜ் என்ன உத்தரவு போட்டிருந்தான் என்பது பிறகுதான் தெரியும்: விசில் ஊதும்வரை நம் ஆள் யாரும் வாயைத் திறக்கக்கூடாது. எந்த மொழியிலும்.

துணிப்பைக்குள் இருந்து நான் கேட்டதை எழுதப் பார்க்கிறேன். காய்ந்த மண்ணில் பூட்ஸ்கள் உரசுகிற ஓசை. பந்து கைகளில் வந்து விழுகிற ‘தொப்’. ஒரு மூச்சு. வேப்பிலை. திருமங்கலம் பக்கம் போகிற ரயில், தூரத்தில், தன் பாட்டுக்கு. மறுபடி ‘தொப்’. பார்க்காமலே தெரிந்தது, அது முத்துப்பாண்டியின் விரல்கள். அவன் சொல்லவில்லை, வந்தான். நாகராஜ் கேட்கவில்லை, விலகினான். பேச்சினால் இரண்டு ஆட்டம் தோற்ற இருவரும் முதுகினால் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு கட்டத்தில் இரண்டு நிமிடம் எதுவுமே இல்லை. இணைப்பு அறுந்துவிட்டது என்று ஹலோ, ஹலோ என்றேன். அங்கிருந்து சன்னமாக, முத்துப்பாண்டியின் பதறிய குரலில், பைக்குப் பதில் சொல்வதுபோல உஷ் என்று கேட்டது. கோப்பு எடுக்க வந்த பக்கத்து மேசைக் காப்பி அம்மா என்னைப் பார்த்து, என்ன இசை கேட்கிறாய், கண்ணை மூடிக்கொண்டிருக்கிறாயே என்றார். கால்பந்து என்றேன். அவர் ஒரு காதுக் கருவியை வாங்கி வைத்துப் பார்த்துவிட்டு, இதில் யார் ஜெயிக்கிறார்கள் என்று கேட்டார்.

யாரும் இல்லை, அதுதான் விசேஷம் என்று சொன்னேன்.

நீண்ட விசில். அதற்குப் பிறகு அந்த வேப்பமரமே பெயர்ந்து விழுந்த மாதிரி ஒரு சத்தம். தொண்ணூறு நிமிடம் அடக்கி வைத்ததெல்லாம் வெளியே வந்தது. பூஜ்யத்துக்குப் பூஜ்யம். எட்டில் ஒன்றில் தோற்கவில்லை. நான் கோப்பு அறையில் அந்த அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினேன். அவர் வாழ்த்துகள் என்றார், எதற்கு என்று தெரியாமலே.

7

கால் மணி நேரம் கழித்து ஜெபராஜ் அழைத்தான். குரலில் கொண்டாட்டம் இல்லை. பிரின்ஸ்பால் எழுந்து வந்து, கை கொடுத்து, ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்.

“அப்ப ரெண்டு டீமும் தோத்துருச்சா ஜெபராஜ்?”

கிண்டல் இல்லை. மனிதர் உண்மையாகவே கேட்டிருக்கிறார். யாரும் ஜெயிக்கவில்லை, ஜெயிக்காவிட்டால் தோல்விதானே? ஜெபராஜ் வாயால் விளக்கிப் பார்த்தான். அவர் யோசித்துவிட்டு, எதுவானாலும் நாளைக் காலைக்குள் எழுத்தில் கொடுங்கள், பார்க்கலாம் என்று காரில் ஏறிவிட்டார்.

“யோசனை சொல்லாதன்னேன்ல, அது அப்படியே இருக்கட்டும்,” என்றான் ஜெபராஜ். “லெட்டர் ஒண்ணு மட்டும் எழுதிக் குடு.”

எழுதினேன். முதல் வடிவத்தில் பூஜ்யத்தின் அழகைப் பற்றி ஒன்றரைப் பக்கம் இருந்தது. இரண்டு பேரும் வெறுங்கையோடு திரும்புகிற சாயங்காலம், எவர் முகத்திலும் நிழல் விழாத மைதானம் என்றெல்லாம். ஜெபராஜ் அதைப் படித்துவிட்டு, இதக் குடுத்தா டீமோட சேத்து என்னையும் தூக்கிருவாரு மாப்ள என்றான். எல்லாவற்றையும் அடித்துவிட்டு, மரத்துக்கு எழுதுகிற மாதிரி எழுதினேன். தங்கள் சுற்றறிக்கையின் இரண்டாம் பத்தியில் ‘தோற்காமல்’ என்ற சொல் மட்டுமே உள்ளது. ‘வென்று’ என்ற சொல் எங்கும் இல்லை. மேற்படி ஆட்டத்தில் எதிரணிக்குக் கோல் எதுவும் பதிவாகாத நிலையில், நம் அணி தோற்றதாகக் கொள்ள இடமில்லை. நடுவரின் அறிக்கை இணைக்கப்பட்டுள்ளது. தகுந்த உத்தரவை வேண்டுகிறோம். அவ்வளவுதான்.

மறுநாள் காலை, நான் சைக்கிளில் அலுவலகம் போய்க்கொண்டிருக்கும்போது படம் வந்தது. பாலத்தில் நிறுத்திப் பார்த்தேன். கடிதத்தின் ஓரத்தில், பச்சை மையில், தாவரவியல்காரரின் பொடி எழுத்தில் இரண்டு வரி.

‘அனுமதிக்கப்படுகிறது. அடுத்த ஆண்டு கோல் போடவும்.’

மைதானத்தில் பையன்களை நிற்கவைத்து, ஜெபராஜ் அதைச் சத்தமாகப் படித்துக் காட்டியிருக்கிறான். பின்னாலிருந்து முத்துப்பாண்டி மெதுவாகக் கையைத் தூக்கினானாம்.

“எந்தப் பக்கம்னு போட்ருக்காரா சார்?”